உணவு விநியோகச் செயலிகளின் கமிஷனுக்கு உச்சவரம்பு கோரும் மனு

அனுப்புநர்: செயலாளர், சிறு உணவக உரிமையாளர் சங்கம், மதுரை.

பெறுநர்: உயர்திரு அரசுச் செயலாளர் அவர்கள், தலைமைச் செயலகம், சென்னை.

நாள்: ஜூன் 2021

பார்வை: இதே பொருள் குறித்த எமது முந்தைய கடிதங்கள்.

ஐயா,

மெஸ், டிபன் கடை, புரோட்டா கடை நடத்தும் சிறு உரிமையாளர்களின் பதிவுபெற்ற சங்கம் எங்களுடையது.

முன்பு எழுதியதையே மீண்டும் எழுத வேண்டியிருக்கிறது. 2020 மார்ச் 24 மாலை ஊரடங்கு தொடங்கியபோது, கடையில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது, பார்சல் மட்டுமே என்று ஆணை வந்தது. ஏற்று நடந்தோம். விற்பனை மொத்தமும் செயலிகள் வழியாகப் போகும் நிலை வந்துவிட்டதால் கமிஷனுக்கு வரம்பு கட்டுங்கள் என்று அப்போதே எழுதினோம். பதில் இல்லை. அந்த ஆண்டு இறுதியில் கணக்கு விவரங்களோடு எழுதினோம். பரிசீலனையில் இருப்பதாக ஒரு வரி வந்தது. இரண்டாம் அலையில் மீண்டும் எழுதியபோது, இது தனியார் ஒப்பந்தம், அரசு தலையிட இயலாது என்று தெரிவிக்கப்பட்டது. அந்தப் பதிலை ஏற்க முடியாது என்பதைத் தெரிவிக்கவே இம்மனு.

300 ரூபாய் பில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். 25 விழுக்காடு கமிஷன் என்றால் 75 ரூபாய். அதன் மீது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 13 ரூபாய் 50 காசு. உணவகங்களுக்கான 5 விழுக்காடு வரி விகிதத்தில் உள்ளீட்டு வரி வரவு கிடையாது என்பதால் அந்தப் பணம் எங்களுக்குத் திரும்பாது. ஆக 88 ரூபாய் 50 காசு முதலிலேயே போய்விடுகிறது. செயலி அறிவிக்கும் தள்ளுபடியில் எங்கள் பங்கு, பட்டியலில் மேலே தெரிவதற்கான விளம்பரக் கட்டணம், டப்பா, சாம்பார் கவர் எல்லாம் இதற்கு மேல். மிஞ்சுவதில்தான் அரிசி, ஏறிக்கொண்டே போகும் எண்ணெய், வணிக சிலிண்டர், மாஸ்டர் சம்பளம், கடை வாடகை. இட்லியும் பொங்கலும் விற்பவருக்கு இதில் என்ன நிற்கும்?

கட்டுப்படியாகாவிட்டால் விலகிக்கொள்ளலாமே என்று கேட்கிறார்கள். 2019 ஆகஸ்டில் நாடெங்கும் பல உணவகங்கள் தள்ளுபடித் திட்டங்களிலிருந்து கூட்டாக வெளியேறின. அன்று மேசைகள் திறந்திருந்தன. கடந்த மே 10 முதல் எங்களுக்கு விடப்பட்டிருப்பது காலை 6 முதல் 10, பகல் 12 முதல் 3, மாலை 6 முதல் 9 வரையிலான பார்சல் நேரம் மட்டும். வாடிக்கையாளர் தெருவுக்கு வர முடியாது. நாங்கள் அவரிடம் போக ஆளும் இல்லை, அவருடைய தொலைபேசி எண்ணும் இல்லை. அந்த எண் செயலியிடம் இருக்கிறது. இந்தக் கட்டாயத்தை உண்டாக்கியது சந்தை அல்ல, அரசாணை. நோயைத் தடுக்க அது தேவையே. ஆனால் அதன் பலன் முழுவதும் இடையில் நிற்பவருக்கே போக வேண்டும் என்று எந்த ஆணையும் சொல்லவில்லை.

தனியார் ஒப்பந்தம் என்ற வாதத்துக்கு மத்திய அரசே பதில் சொல்லியிருக்கிறது. சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2020 நவம்பர் 27 அன்று, மோட்டார் வாகனச் சட்டத்தின் 93-வது பிரிவின்படி, வாடகைக் கார் செயலிகளுக்கான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. ஒவ்வொரு பயணக் கட்டணத்திலும் குறைந்தது 80 விழுக்காடு ஓட்டுநருக்குச் சேர வேண்டும் என்கிறது அது. கார் ஓட்டுநருக்கும் செயலிக்கும் இடையே இருப்பதும் தனியார் ஒப்பந்தம்தான். ஓட்டுநருக்கு 80 விழுக்காடு நியாயம் என்றால், அடுப்படியில் நிற்பவருக்கு ஏன் இல்லை? தனியார் மருத்துவமனைகளின் கொரோனா சிகிச்சைக் கட்டணத்துக்குத் தமிழக அரசே 2020 ஜூனில் வரம்பு விதித்தது. சான் பிரான்சிஸ்கோ நகரம் 2020 ஏப்ரலிலேயே உணவு விநியோகக் கமிஷனை 15 விழுக்காட்டில் நிறுத்தியது. நாங்கள் அவ்வளவுகூடக் கேட்கவில்லை.

எனவே முதன்மைக் கோரிக்கை: மேசைகளை மூடப் பயன்படுத்திய அதே பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-இன்படி, உட்கார்ந்து உண்ணத் தடை நீடிக்கும் காலம் முழுவதற்கும், ஒவ்வொரு பில்லிலும் குறைந்தது 80 விழுக்காடு உணவகத்துக்குச் சேர ஆணையிட வேண்டும். கமிஷன், அதன் மீதான வரி, விளம்பரக் கட்டணம் அனைத்தும் மீதி 20-க்குள் அடங்க வேண்டும். எழுத்துமூலச் சம்மதம் இல்லாத தள்ளுபடியை எங்கள் கணக்கில் கழிக்கக் கூடாது. வரம்பைக் காரணம் காட்டி விநியோக ஊழியரின் கூலியைக் குறைக்கவும் கூடாது. வெயிலிலும் தொற்றிலும் வண்டி ஓட்டுபவர் அவர்.

மேலும், இரவுப் பார்சல் நேரத்தை ஒரு மணி நேரம் நீட்டிக்கவும், ஊரடங்கு மாதங்களுக்கான மின் நிலைக்கட்டணத்தைத் தள்ளுபடி செய்யவும், மாநகராட்சிக் கடைகளின் வாடகையைக் குறைக்கவும், சமையல் மற்றும் விநியோகப் பணியாளர்களுக்குத் தடுப்பூசியில் முன்னுரிமை அளிக்கவும் கேட்டுக்கொள்கிறோம்.

முதன்மைக் கோரிக்கை மீதான முடிவை எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டுகிறோம். மறுப்பதாக இருந்தால், கார் ஓட்டுநருக்குப் பொருந்திய விதி எங்களுக்கு எந்தச் சட்டப் பிரிவின்படி பொருந்தாது என்பதையும் அந்தப் பதிலிலேயே குறிப்பிட வேண்டும்.

இப்படிக்கு,
செயலாளர்

நகல்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், மதுரை.