செவிலியரின் சொல்லும் சங்கத்தின் கடமையும்

கருப்பைவாய்ப் புற்றுநோயை வருமுன் தடுக்க ஊசி உண்டு. முற்றுமுன் கண்டறியச் சோதனையும் உண்டு. ஆயினும் 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டில் மட்டும் ஏறத்தாழ 80,000 பெண்மணிகள் இந்நோய்க்கு இரையாயினர். குறை எங்கே உள்ளது என்று அங்கத்தினர்கள் சிந்தித்தல் வேண்டும்.

இந்நோய்க்கு மூலகாரணம் ஹியூமன் பாப்பிலோமா வைரஸ் என்னும் கிருமி. இவ்வுண்மையைக் கண்டறிந்த ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் சுர் ஹவுசன் 2008-இல் நோபல் பரிசு பெற்றார். எனினும் அறிஞர் கண்ட உண்மையை நம் வீட்டு வாயிலுக்குக் கொண்டுவர வேண்டியவர் கிராம சுகாதாரச் செவிலியரே. மகளுக்கு இவ்வூசி போடலாமா என்று தாய் வினவும்போது அவர் ஒரு கணம் தயங்கினால், அத்தாய் ஓராண்டு தயங்குவாள்.

ஆகவே செவிலியருக்கு இரண்டு தெளிவுகள் அவசியம். முதலாவது, அறிவுத் தெளிவு. கிருமியின் தொடர்பு ஏற்படுமுன், 9 முதல் 14 வயதுக்குள் ஊசி போடுவதே சிறந்த பலன் தரும். ஊசி போட்டுக்கொண்டவரும் உரிய வயதில் சோதனை செய்துகொள்ள வேண்டும். இரண்டாவது, மனத் தெளிவு. மணவாழ்வில் உள்ளோரில் பெரும்பாலோரை இக்கிருமி ஒருமுறையேனும் தீண்டுகிறது. பெரும்பாலும் இரண்டாண்டுகளுக்குள் தானே அகன்றும் விடுகிறது. அகலாது பல்லாண்டுகள் தங்கும் சிலரிடத்தேதான் புற்றுநோய் தோன்றுகிறது. இதனை ஒழுக்கக் குறைவின் அடையாளமாகக் கருதுவது பெரும் பிழை. சொல்பவரே கூசினால் கேட்பவர் எவ்வாறு முன்வருவர்?

பயிற்சி பெற்ற செவிலியரால் என்ன இயலும் என்பதற்குத் திண்டுக்கல் மாவட்டமே சான்று. அங்கு 2000-ஆம் ஆண்டு முதல் 30 முதல் 59 வயது வரையுள்ள கிராமப் பெண்களுக்கு, அசெட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய சோதனையைச் செவிலியர் செய்தனர். சோதனை நடந்த பகுதிகளில் இந்நோயால் நேர்ந்த மரணம் 35 சதவீதம் குறைந்ததாக 2007-இல் ஆய்வு முடிவு வெளியாயிற்று.

செவிலியரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அவர்களுக்குத் தக்க பயிற்சி அளிப்பது சுகாதாரத் துறையின் பொறுப்பு. அவர்களை அழைத்துக் கேட்பது நம் பொறுப்பு. நூல் இருப்பும் கடன் பாக்கியும் பேசும் நம் கூட்டங்களில் அரைமணி நேரத்தை அவர்களுக்கு ஒதுக்குவோமாக. ஆண் அங்கத்தினரும் அமர்ந்து கேட்கட்டும். பல இல்லங்களில் சம்மதமும் பஸ் கட்டணமும் அவர்கள் கையிலேயே உள்ளன. தார் சுற்றும் சகோதரியும் நாற்று நடும் சகோதரியும் ஒருநாள் கூலியை எண்ணிச் சோதனையைத் தள்ளிப்போடாதபடி, முகாம் நாளைச் சங்கமே முன்னின்று ஏற்பாடு செய்தல் வேண்டும். உறுப்பினர் நலனே சங்கத்தின் முதலீடு.