வாயாடிப் பிள்ளையும் வாயடைத்த சமுதாயமும்

மகன் வகுப்பில் ஓயாது பேசுகிறான். குறுக்குக் கேள்வி கேட்கிறான். அயலில் இருப்பவனையும் பேச்சுக்கு இழுக்கிறான். ஆகவே பெற்றோர் உடனே வந்து அதிபரைக் காண வேண்டும். இப்படியொரு கடிதம் பதுளை நகரத்து உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்தால், தந்தை அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய் வருகிறார். பசறையிலோ லுணுகலையிலோ ஒரு லயத்து வாசலுக்கு வந்தால் கதை வேறு. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் போகும் தாய்க்கு அன்று பேர் இல்லை. பாதியில் ஓடி வந்து மலை ஏறினாலும் அரைப்பேர்தான். இரண்டாவது கடிதத்துக்கு வீட்டில் அடி விழுகிறது. மூன்றாவது கடிதத்தோடு, “படித்தது போதும்” என்று பையன் கொழும்புக் கடைக்கு அனுப்பப்படுகிறான். 2016ஆம் ஆண்டு முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பது சட்டம். கொழும்பு பஸ்ஸில் ஏறும் பிள்ளைக்கு அந்தச் சட்டத்தை யார் வாசித்துக் காட்டுவது?

வாய்த்துடுக்கை நாம் போற்ற வரவில்லை. ஆசிரியர் தட்டுப்பாடு நிலவும் பாடசாலையில் ஒருவனின் ஓயாப் பேச்சினால் பின்வரிசைப் பிள்ளை பாடத்தை இழக்கிறது; அந்தப் பிள்ளையும் நம் பிள்ளையே. தொண்டை வறள நின்று கற்பிக்கும் ஆசிரியருக்கும் பொறுமைக்கு ஓர் எல்லை உண்டு. ஆனால் பரிகாரம் பிரம்பா? பாடசாலைகளில் உடல் தண்டனை கூடாதென்று கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டிலேயே சுற்றறிக்கை விடுத்தது. 2017இல் தென்பகுதியில் ஆசிரியர் அறைந்ததால் ஒரு மாணவனின் செவிப்புலன் கெட்டது. அவ்வழக்கில், அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை மீறப்பட்டதென உயர் நீதிமன்றம் 2021 பெப்ரவரியில் தீர்ப்பளித்தது. வீட்டில் விழும் அடிக்கு வழக்குமில்லை, தீர்ப்புமில்லை. அதைத்தான் நாம் பெற்றோரிடம் பேச வேண்டியிருக்கிறது.

தோட்டத்தில் வாய் திறவாமை நற்குணமென்று யார் நமக்குக் கற்பித்தது? பிரட்டுக்களத்தில் கங்காணி கற்பித்தான். துரையின் பங்களா வாசல் கற்பித்தது. 1948இல் குடியுரிமையும் 1949இல் வாக்குரிமையும் பறிபோன பின்னர் நாடே கற்பித்தது. எஞ்சியிருந்தோருக்கும் குடியுரிமை வழங்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. அத்தனை காலமும் நமக்கு ஏதேனும் கிடைத்ததென்றால், அது பேசத் துணிந்த சிலரால் கிடைத்தது. கோ. நடேசய்யர் பேசினார், எழுதினார். துரைமார் அவரை வெறுத்தனர். பதுளைக்கு அருகே வேவெஸ்ஸ தோட்டத்தில் 1940ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர் தமக்கென ஒரு சபையைத் தெரிந்தெடுத்தனர். அதனுடன் கலந்து நடக்கத் துரையே இணங்க நேர்ந்தது. வாயாடிகள் என்று அன்று அவர்களையும் எத்தனை பேர் ஏசியிருப்பார்கள்! அவர்களது பூட்டப்பிள்ளை வகுப்பில் எழுந்து “ஏன்?” என்று கேட்டால் நமக்கு ஏன் நடுக்கம் வருகிறது?

ஆகவே கடிதம் வந்த அன்று கம்பைத் தேடுமுன் பிள்ளையிடம் ஒன்று கேளுங்கள்: “நீ என்னதான் பேசினாய்?” விளங்காத கணக்கை மறுபடி கேட்டானா, வெறும் அரட்டை அடித்தானா, ஒருவனைக் கேலி செய்து அழவைத்தானா? மூன்றும் ஒன்றல்ல. கேலியென்றால் மன்னிப்புக் கேட்க வையுங்கள், கண்டிக்கவும் செய்யுங்கள். கேள்வியென்றால் அவனுக்காகப் பேசுங்கள். ஒற்றைக் காம்பராவில் ஆறேழு பேர் அடைந்து கிடக்கும் வீட்டில் அவன் பேச்சுக்கு இராத்திரி யாராவது காது கொடுக்கிறோமா என்பதையும், குத்தலாகத்தான் இருக்கும், நம்மையே கேட்டுக்கொள்ளலாம்.

வெலிமடைத் தோட்டக்காரர் வரம்பு உடைந்தால் தண்ணீரைத் திட்டுவதில்லை. வாய்க்காலைத் திருப்பி விடுகிறார். தமிழ்மொழித் தினப் பேச்சுப் போட்டிக்கு ஆள் தேடும் பாடசாலை, வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டவனை ஒருமுறை மேடையில் நிறுத்திப் பார்க்கட்டும்.

அதிபர்களிடம் நாம் கேட்பது சிறிய காரியம். தோட்டத்துப் பெற்றோரை வேலைநாளின் காலை வேளையில் அழைக்காதீர்கள். கொழுந்து நிறுத்த பின் மாலையிலோ, ஞாயிற்றுக்கிழமையிலோ நேரம் குறியுங்கள். லயத்திலிருந்து படித்து உத்தியோகத்துக்கு வந்த அன்பர்களிடமும் ஒரு வேண்டுகோள்: அதிபரின் அறை வாசலில் தயங்கி நிற்கும் அந்தத் தாயுடன் நீங்களும் ஒருநாள் உள்ளே சென்று உட்காருங்கள்.