லாட்ஜ் ஊழியர் கண்ணை மூடலாமா?



1990ஆம் ஆண்டை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பம்பாயின் விபசார விடுதிகளில் அடைபட்டுக் கிடந்த தமிழ்ப் பெண்கள் நூற்றுக்கணக்கில் மீட்கப்பட்டு, சென்னைக்கு ரயிலேற்றி அனுப்பப்பட்டார்கள். "வேலை வாங்கித் தருகிறேன்", "கல்யாணம் செய்துகொள்கிறேன்" என்ற சொல்லை நம்பி மோசம்போனவர்கள் அவர்களில் எத்தனை பேரோ! ரயில் போய்விட்டது; தரகன் ஒழிந்தானா? இல்லை. காமாட்டிபுரம் சுருங்கிவிட்ட இந்நாளில், லாட்ஜ் அறை அவனுக்கு வசதியாகிவிட்டது.

அந்த அறைக்குத் தண்ணீர் கொண்டுபோவது யார்? படுக்கை விரிப்பை மாற்றுவது யார்? தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் வேலைக்குப் போகும் நம் வீட்டுப் பிள்ளைகளும்தாமே! பெண்ணின் ஆதார் அட்டையைக் கூட வந்தவன் வைத்திருக்கிறான். அவளைக் கேட்டால் அவன் பதில் சொல்கிறான். அவள் வெளியே வருவதே இல்லை. ஆண்கள் மட்டும் மாறி மாறி வந்துபோகிறார்கள். போலீசுக்கு முன்னால் இதைப் பார்ப்பது ரூம்பாயின் கண் அல்லவா?

"நமக்கேன் வம்பு? வேலை போய்விடும்" என்கிறான் தம்பி. அவன் அச்சம் நியாயமானதே. ஆனால் சட்டத்தையும் அவன் அறிய வேண்டும். 18 வயது நிரம்பாத பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடப்பது தெரிந்தவர் எவரும் சொல்லியே தீரவேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 19ஆவது பிரிவு. மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. நல்லெண்ணத்தோடு சொன்னவர்மீது வழக்கு இல்லை. முதலாளிக்கும் ஒரு சேதி: சிறுமியை வைத்துத் தொழில் நடக்க விட்டால், ஓட்டல் லைசென்சையே ரத்துச் செய்ய 1956ஆம் ஆண்டின் சட்டம் இடம் தருகிறது.

ஆகவே பொறுப்பை ரூம்பாய் தலையில் கட்டிவிட்டு முதலாளி ஒதுங்க முடியாது. மாரியட் நிறுவனம் 2017 முதல் தன் ஓட்டல் ஊழியருக்கு இந்தப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. நம் மாட்டுங்கா லாட்ஜுக்காரர் ஒரு மணி நேரம் ஒதுக்கக் கூடாதா? "தகவல் சொன்னவனை வேலையை விட்டு நீக்கமாட்டேன்" என்று எழுதித் தரக்கூடாதா? இதைக் கேட்டுப் பெறுவது சங்கங்களின் கடமை.

ஒன்றை மறவாதீர்கள். விருப்பத்தோடு தங்கும் வயதுவந்த ஜோடியை வேவு பார்ப்பது நம் வேலையல்ல. 2015இல் மட் தீவு ஓட்டல்களில் போலீஸ் அப்படிப் புகுந்து அவப்பெயர் சம்பாதித்தது. நாம் தேடுவது காதலை அல்ல, கட்டாயத்தை.

தம்பி, நீயே கதவை உடைக்க வேண்டாம். தரகனோடு மோத வேண்டாம். அறை எண்ணை நினைவில் வை. சிறு பிள்ளை என்றால் 1098, மற்றபடி 112. ஒரு போன் போதும்.

அடைபட்டிருப்பவள் யார் வீட்டுப் பெண்ணோ என்று எண்ணாதே. 1990இல் அவள் நம் வீட்டுப் பெண்ணாக இருந்தாள்!