தறி நின்ற பிறகு கேட்ட ஒலி



காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் ஒருவர் எழுதிய கடிதம் இந்த மாதம் முழுக்க என் மேசையிலேயே கிடந்தது. அவர் அப்பா காலத்து ரேடியோவைப் பழுது பார்த்து வைத்திருக்கிறார். ராத்திரி தறியை விட்டு எழுந்ததும் சிற்றலையைத் திருப்பிப் பார்ப்பது வழக்கம். சென்னை வானொலி முன்பு ஒலித்த 4920 கிலோஹெர்ட்ஸைத் தேடி முள்ளைக் கீழே இறக்கியபோது, 4400 அருகில் ‘விசுக்… விசுக்…’ என்று ஏதோ வந்திருக்கிறது. "பேச்சில்லை, பாட்டில்லை. ஆனாலும் நாடா ஓடுகிற மாதிரி ஒரே சீராக வருகிறது. என்னங்கய்யா இது?" என்று கேட்டிருந்தார்.

பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தை வைத்தே அங்கே இழை அறுந்ததைச் சொல்லிவிடும் காது அவருடையது. அதை நம்பித்தான் தேடத் தொடங்கினேன்.

முதலில் வீட்டு மெயினை அணைத்துவிட்டு பேட்டரியில் கேட்கச் சொன்னேன். சிற்றலையில் கேட்கும் விநோத ஒலிகளில் பல எல்.இ.டி. விளக்கும் இன்வெர்ட்டரும் செய்கிற வேலை. இந்த ஒலி போகவில்லை. எண்ணிப் பார்த்தார்: ஏறக்குறைய நொடிக்கு ஒன்று. நொடிக்கொரு ‘டிக்’ என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது சீனாவின் பிபிஎம் நேர சமிக்ஞை. ஆனால் அது 5000, 10000 என்று தனக்குரிய எண்களில் அசையாமல் நிற்கும். இவருடையதோ முள்ளைச் சற்று நகர்த்தினாலும் கூடவே வந்தது. அலைவரிசையே ஒவ்வொரு முறையும் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குச் சறுக்கிக்கொண்டு போகிறது என்பதற்கு அது அடையாளம். அப்படிச் சறுக்குவது ரேடார்.

நண்பகலிலும் மங்கலாகக் கேட்கிறது என்று அவர் அடுத்து எழுதியதும் எனக்கு மெய்சிலிர்த்தது. இந்த அலைவரிசையில் பகலில் தூரத்து ஒலி வராது. வானின் கீழடுக்கு அதை விழுங்கிவிடும். அப்படியானால் மூலம் பக்கத்தில்.

தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் கல்பாக்கத்திலும் கடலூரிலும் கடல் நீரோட்டத்தை அளக்கும் ரேடார்களை நிறுவியிருக்கிறது. அவை இயங்குவது 4.4 மெகாஹெர்ட்ஸ் வாக்கில். 2019 வரை கல்பாக்கம் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தானே இருந்தது! அந்த ரேடார்களின் ரேடியோ அலையின் நீளம் சுமார் 68 மீட்டர். அதில் பாதி, அதாவது 34 மீட்டர் நீளமுள்ள கடல் அலைகள் அதை வலுவாகத் திருப்பி அனுப்பும். திரும்பி வரும்போது அலைவரிசை எவ்வளவு மாறியிருக்கிறது என்பதிலிருந்து நீரோட்டத்தின் வேகம் தெரியும். இரண்டில் எது அவர் வீட்டுக்கு வருகிறது என்பதை ஒரு ரேடியோ கொண்டு பிரிக்க முடியாது; தூரத்தைப் பார்த்தால் என் ஊகம் கல்பாக்கம்.

1976-லும் உலகெங்கும் வானொலி நேயர்கள் இப்படித்தான் ஒரு மரங்கொத்திச் சத்தத்தைக் கேட்டுத் திகைத்தார்கள். நொடிக்குப் பத்துத் தட்டு. அது செர்னோபில் அருகே சோவியத் யூனியன் வைத்த ராணுவ ரேடார். நம் ஒலியின் வேலை வேறு. நீரோட்டம் தெரிந்தால் காணாமல்போன படகை எந்தப் பக்கம் தேடுவது என்று கணிக்கலாம்.

இதை எழுதி அனுப்பினேன். இப்போது அவர் வேலை முடிந்ததும் மனைவியையும் கூப்பிட்டு உட்காரவைத்து, கல்பாக்கத்துக் கடலைக் கேட்கிறாராம்.

உங்கள் வீட்டிலும் சிற்றலைப் பெட்டி இருந்தால் திருப்பிப் பாருங்கள். புரியாதது ஏதாவது கேட்டால் அலைவரிசை எண், நேரம், எத்தனை நொடிக்கு ஒருமுறை, முள்ளை நகர்த்தினால் என்ன ஆகிறது — இவ்வளவும் ஒரு அஞ்சலட்டையில் எழுதுங்கள். சேர்ந்து தேடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்