ஓர்க்குகளில் ஒரு விபீஷணன்

ஹெல்ம் பள்ளத்தாக்கில் இரவெல்லாம் நடந்த யுத்தம் முடிந்து பொழுது புலர்ந்தபோது, தோற்றுப்போன சேனையில் இரு திறத்தார் இருந்தனர். மந்திரவாதி சாருமானின் துர்ப்போதனைக்குச் செவிசாய்த்து வந்த டன்லாந்து மலைநாட்டு மனிதர்கள் ஆயுதங்களைக் கீழே போட்டு உயிர்ப்பிச்சை கேட்டார்கள். பிடிபட்டால் உயிரோடு கொளுத்திவிடுவார்கள் என்று நம்பவைக்கப்பட்டிருந்த அவர்களிடம், இடித்ததைச் செப்பனிட்டுக் கொடுத்து, இனிமேல் ஆயுதபாணிகளாய் ஐசன் ஆற்றுத்துறையைக் கடப்பதில்லை என்று சத்தியம் செய்தால் ஊர் திரும்பலாம் என்று வென்றவர்கள் சொன்னபோது, அவர்கள் திகைத்து நின்றார்கள். மற்றொரு திறத்தாரான, தீய சக்திகளுக்கு ஏவல் செய்யும் இனமாகிய ஓர்க்குகளோ, ஓரிரவில் வந்து சூழ்ந்து நின்ற விசித்திரமான வனத்துக்குள் ஓடினார்கள். ஒருவரும் வெளியே வரவில்லை. மாண்ட மலைநாட்டாருக்குத் தனியே ஒரு மண்மேடு எழுந்தது. ஓர்க்குகளின் சடலங்களை யாரும் எண்ணக்கூட இல்லை.

‘மோதிரங்களின் தலைவன்’ நாவலின் 1954-இல் வெளிவந்த இரண்டாம் பாகத்தில் டோல்கீன் எழுதியுள்ள இந்தக் காட்சியை எத்தனை முறை படித்தாலும், ஒரே தலைவனுக்காக ஒரே இரவில் ஒரே குற்றத்தைச் செய்த இருவருள் ஒருவருக்கு மன்னிப்பும் மற்றவருக்குப் பூண்டோடு நாசமும் கிடைப்பதற்குப் பிறவியைத் தவிர வேறு என்ன காரணம் என்ற கேள்வி என் மனத்தை விட்டு அகல்வதில்லை.

‘மோதிரங்களின் தலைவ’னில் எங்கும் குலமே குணத்தை நிர்ணயிக்கிறது என்று சொல்லிவிட முடியாது. ஞானியர் சபைக்கே தலைவனாயிருந்த சாருமான் கெடுகிறான். ஹாபிட் இனத்துக்கு உறவான கொள்ளம் ஒரு மோதிரத்துக்காகக் கொலை செய்கிறான். எல்ஃபுகளிலே தலைசிறந்தவனான ஃபியனோர், டோல்கீனின் பழைய புராணக் கதைகளில், கப்பல்களுக்காகத் தன் இனத்தாரையே வெட்டிச் சாய்க்கிறான். ஏனையோருக்கெல்லாம் வழங்கப்பட்ட இந்தத் தேர்வுச் சுதந்திரம் ஓர்க்குகளுக்கு மட்டும் மறுக்கப்பட்டதுதான் குறை.

டோல்கீனின் மனத்தில் இனத்துவேஷம் குடிகொண்டிருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. 1938-இல் ஒரு ஜெர்மன் பதிப்பகம் அவர் ஆரிய வம்சத்தவரா என்று விசாரித்தபோது, யூதரா என்பதுதான் கேள்வியானால், திறமை மிகுந்த அந்த மக்களிடையே தமக்கு முன்னோர் எவரும் இல்லாமற் போனதற்காக வருந்துவதாக அவர் பதில் எழுதினார். ஆயினும், அதே மனிதர் 1958-இல் எழுதிய ஒரு கடிதத்தில், ஐரோப்பியர் கண்ணுக்கு அழகற்றவர்களாய்த் தோன்றும் மங்கோலிய முகங்களின் சீர்கெட்ட வடிவமென்று ஓர்க்குகளை வருணித்தார். நல்லெண்ணம் படைத்தவரின் பேனாவிலும், அவர் பிறந்து வளர்ந்த காலத்தின் மை கலந்தே இருக்கிறது.

ஆனால் அவருக்குள் இருந்த கலைஞன் குலமே குணம் என்ற கோட்பாட்டை ஒப்புக்கொள்ளவில்லை என்பதற்கு அந்த நாவலே சாட்சி. இத்திலியன் காட்டில், எதிரிக்காகப் போரிட வந்த தென்னாட்டு வீரன் ஒருவன், கழுத்தில் அணிந்த பொன் பட்டைக்குக் கீழே அம்பு பாய்ந்து, ஹாபிட்டான சாமின் காலடிக்கு அருகில் வந்து விழுகிறான். பழுப்பு நிறமான அவன் கை முறிந்த வாளின் பிடியை இன்னும் பற்றியிருக்கிறது. இவன் பெயர் என்ன, எந்த ஊர், மெய்யாகவே தீயவன்தானா, அல்லது பொய்யும் மிரட்டலும்தான் இவனை இவ்வளவு தூரம் நடத்திக் கொண்டு வந்தனவா என்று தோட்டக்காரனான சாம் நினைத்துப் பார்க்கிறான். அந்தப் பெரிய நூலில் இதைவிட உயர்ந்த பக்கம் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

இரண்டாம் பாகத்தின் இறுதியில் ஷக்ராட், கோர்பாக் என்ற இரு ஓர்க்குத் தலைவர்கள் இருளில் நின்று பேசிக்கொள்வதைச் சாம் ஒட்டுக்கேட்கிறான். அவர்கள் மேலதிகாரிகளை வைகிறார்கள். யுத்தம் முடிந்தால் நம்பிக்கையான சில ஆட்களோடு எங்கேனும் விலகிப்போய், எஜமானர்கள் இல்லாமல் பிழைக்கலாம் என்கிறார்கள். பிழைப்பதென்றால் கொள்ளையடித்துத்தான் என்பது உண்மையே. எனினும் அதே பேச்சில், தோழனைக் கைவிட்டுப் போவது இழிவு என்று எதிரியைப் பழிக்கத் தெரிந்த ஜீவனுக்கு, தன்னிடம் அதே இழிவைக் காணும் கண் இல்லாதிருப்பினும், தர்மம் இன்னதென்ற அறிவு அடியோடு இல்லை என்று எப்படிச் சொல்வது?

தீமையால் எதையும் சிருஷ்டிக்க முடியாது, சிருஷ்டிக்கப்பட்டதைக் கெடுக்கத்தான் முடியும் என்பது கத்தோலிக்கரான டோல்கீனின் திடமான நம்பிக்கை. அப்படியாயின் கெடுக்கப்பட்டவனுக்கு மீட்சியும் இருந்தாக வேண்டும். அரக்கர் குலத்திலே விபீஷணனையும் அசுரர் வீட்டிலே பிரகலாதனையும் கண்டு பழகிய நமக்கு இது புதிதல்ல. ஆயிரம் பக்கங்களைக் கடந்து விரியும் அந்தக் கதையிலோ ஓர்க்குகளின் பக்கத்திலிருந்து பிரிந்து வர ஒரு விபீஷணன் இல்லை.

அந்தக் குறை அவரை இறுதிவரை உறுத்தியது. ஓர்க்குகள் எல்ஃபுகளிலிருந்து வந்தவர்களா, மனிதரிலிருந்து வந்தவர்களா என்று முதுமையில் மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தவர், சரணடைந்து கருணை கேட்கும் ஓர்க்குக்கு, தமக்கு நஷ்டம் நேரினும், கருணை காட்டியே தீரவேண்டும் என்று ஒரு குறிப்பில் விதித்தார். அந்தக் குறிப்பு அச்சேறியது 1993-இல், அவர் மறைந்து இருபது ஆண்டுகளுக்குப் பின்னர். ஹெல்ம் பள்ளத்தாக்கின் காட்சி எழுதியபடியே இருக்கிறது.