வெடிமருந்து தோசையும் கரிசல் வற்றலும்

அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் 'செம்ம' என்றொரு ஓட்டல் உள்ளது. 2021 அக்டோபரில் திறக்கப்பட்டது. அங்கே பெயர்பெற்ற பண்டங்களில் ஒன்று 'கன்பவுடர் தோசை', அதாவது வெடிமருந்து தோசை. சிவகாசி வட்டாரத்தில் வெடிமருந்து என்ற சொல்லை யாரும் விளையாட்டாகச் சொல்வதில்லை. எத்தனை வீடுகளை அது இருட்டாக்கியது என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் அந்தத் தோசையில் உள்ள வெடிமருந்து நம் வீட்டு இட்லிப் பொடிதான்.

ஓட்டலை நடத்துபவர்கள் சமையற் கலைஞர் சிந்தன் பாண்டியாவும் ரோனி மஜும்தாரும். அடுப்பறைப் பொறுப்பு நத்தம் பகுதியில் வளர்ந்த விஜய் குமாருடையது. முதலாளிக்கும் அடுப்பு தெரியும் என்பதாலோ என்னவோ, ஊர்ச் சமையலை அந்நியருக்காக நீர்க்கச் செய்யவில்லை. 2022இல் மிச்செலின் நட்சத்திரம் கிடைத்தது. 2025 ஜூனில் நியூயார்க் மாநிலத்தின் சிறந்த சமையற் கலைஞருக்கான ஜேம்ஸ் பியர்ட் விருது விஜய் குமாருக்குக் கிடைத்தது.

அங்கே பரிமாறப்படும் இன்னொன்று நத்தைப் பிரட்டல். சிறுவயதில் நெல் வயலில் நத்தை பொறுக்கித் தின்றதை வெளியில் சொல்லக் கூச்சப்பட்டதாகவும், பிரெஞ்சுக்காரர்கள் நத்தையை உயர்ந்த விருந்தாக உண்பதைப் பிற்பாடே அறிந்ததாகவும் அவரே சொல்லியிருக்கிறார். (மருந்தடித்த வயலில் நத்தை பொறுக்கக் கூடாது, மற்ற வயலில் எடுத்ததையும் நன்றாக வேகவைத்தே உண்ண வேண்டும்.)

அந்தக் கூச்சம் விருதுநகர் மாவட்டத்திலும் உண்டு. விருந்தாளி வந்தால் குதிரைவாலிச் சோற்றை மூடி வைத்துவிட்டு எண்ணெய் பரோட்டா வாங்கி வர ஆள் அனுப்புகிறோம். விருதுநகர் பரோட்டாவின் ருசியைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த மைதாவுக்கான கோதுமை நம் கரிசலில் விளைவதில்லை. இட்லிப் பொடிக்கு வேண்டிய வற்றலும் உளுந்தும் இங்கேயே மானாவாரியில் விளைகின்றன.

புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி விதைக்கும் மிளகாய் தை முதல் பறிப்புக்கு வருகிறது. அதன் பிறகு அது படும் பாடுதான் வருத்தம் தருகிறது. அரைப்பழத்தையும் சேர்த்துப் பறித்து, தார்ச்சாலை ஓரத்தில் கொட்டி, பனி இறங்கும் இரவிலும் திறந்தபடி விட்டுவிடுகிறோம். ஈரம் பட்ட வற்றலில் பூசணம் பிடித்து அஃப்ளடாக்சின் என்ற நச்சு உண்டாகிறது. அது கண்ணுக்குத் தெரியாது. வறுத்தாலும் முழுமையாகப் போகாது. வெளிநாட்டார் சரக்கைத் திருப்பி அனுப்புவதற்கு இதுவும் மருந்தின் எச்சமுமே முக்கியக் காரணங்கள்.

செய்ய வேண்டியது பெரிய வித்தையல்ல. நன்கு பழுத்ததை மட்டும் பறித்து, ஓரிரவு நிழலில் குவித்து வைத்தால் நிறம் ஒன்றுபோல் வரும். பின்பு தார்ப்பாயிலோ சிமெண்டுக் களத்திலோ மெல்லிசாகப் பரப்பி, அடிக்கடி கிளறிவிட வேண்டும். பொழுது சாயும் முன் மூடிவிட வேண்டும். குலுக்கினால் உள்ளே விதை சலசலக்கும் வரை காய வேண்டும்; ஈரம் நூற்றுக்குப் பத்து அளவில் நின்றால் போதும். வெளுத்ததையும் உடைந்ததையும் பொறுக்கி நீக்கி, மூட்டைகளைச் சுவரில் படாமல் பலகை மேல் அடுக்கலாம். எடை கூட்டத் தண்ணீர் தெளிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களால் ஊர்ச் சரக்கு முழுவதற்கும் கெட்ட பெயர்.

ஆனால் பொழுது சாய மூடுவதற்கும், உட்கார்ந்து பொறுக்குவதற்கும் வீட்டில் யார் இருக்கிறார்கள்? அந்த வேலைக்குரிய பெண்களின் கைகள் காலையிலேயே பட்டாசு ஆலை வண்டியில் ஏறிவிடுகின்றன. கையோடு கூலி கிடைக்கும் இடத்தை விட்டுவிட்டுக் களத்தில் உட்கார் என்று அவர்களுக்கு உபதேசம் செய்வது நியாயமாகாது. சுத்தமான வற்றலுக்கும் சாலையோரத்து வற்றலுக்கும் கமிஷன் கடையில் ஏறக்குறைய ஒரே விலை என்றால் யார்தான் பொறுக்குவார்கள்? விலை வித்தியாசம் அந்த ஒரு நாள் கூலியைத் தாண்ட வேண்டும். ஆபத்தில்லாத வேலையாக வெள்ளாமை மீண்டும் அவர்களை அழைப்பதற்கு வேறு வழி தெரியவில்லை. இதில் பொறுப்பு விவசாயியைவிட வியாபாரிகளுக்கே அதிகம்.

நியூயார்க் ஓட்டல்காரர் நம் களத்துக்கு வந்து மூட்டை தூக்கப் போவதில்லை. ஏற்றுமதி செய்து தருகிறேன் என்று முன்பணம் கேட்டு வருபவரையும் நம்ப வேண்டாம். ஊர் பார்த்து, ரகம் பார்த்து வற்றல் வாங்குபவர்கள் மதுரையிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். பத்துப் பேர் சேர்ந்தால் அவர்களுக்கு ஒரு லாரிச் சுமை திரட்டலாம். அதற்கு முன்பு, வரும் தைப் பறிப்பில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரேயொரு மூட்டையை மட்டும் இப்படிக் காயவைத்து, ரகத்தின் பெயரையும் ஊரின் பெயரையும் எழுதி, மற்ற மூட்டைகளோடு கலக்காமல் கமிஷன் கடையில் இறக்கித் தனி விலை கேட்டுப் பார்க்கலாம்.