இன்னொரு தடவை சொல்லுங்கள்

சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை கிடைத்த இடைவெளியில் நான் கொரிய மொழி வகுப்புக்குப் போனேன். இதைச் சொன்னால் இரண்டு கேள்விகளில் ஒன்று வரும். தோழிகள், "நாடகம் பார்த்துப் பைத்தியம் முற்றிவிட்டதா?" என்பார்கள். உறவினர்கள், "கொரியாவுக்கு வேலைக்குப் போகிற எண்ணமா?" என்பார்கள். இரண்டுக்கும் அப்போது என்னிடம் ஒழுங்கான பதில் இருக்கவில்லை. இப்போது இருக்கிறது. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

முதலில் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். நாடகம் பார்த்துத்தான் எனக்கு ஆசை வந்தது. ஆனால் கண்டியிலும் கட்டுகஸ்தோட்டையிலும் சுவருக்குச் சுவர் கொரிய வகுப்பு விளம்பரம் ஒட்டப்பட்டிருப்பதற்குக் காரணம் நாடகமல்ல. தென்கொரியா வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான வேலை அனுமதி முறையை 2004இல் தொடங்கியபோதே அதில் இணைந்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. 18 வயதுக்கும் 39 வயதுக்கும் இடைப்பட்டவர்கள் மொழிப் பரீட்சையில் சித்தியடைந்தால் தொழிற்சாலை, விவசாயம், மீன்பிடி, கட்டட வேலை என்று போகலாம். போகிறவர்களில் மிகப் பெரும்பாலானோர் ஆண்கள். ஆகவே அந்த வகுப்புகளின் வாசலில் பர்தா அணிந்த இரண்டு பிள்ளைகள் போய் நின்றால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பது இயல்புதான்.

நானும் மாமியின் மகளும் சேர்ந்தது ஒரு சிறிய மாலை வகுப்பு. கடையொன்றின் மேல் மாடி. கிழமைக்கு இரண்டு நாள், 4 மணியிலிருந்து 5.30 வரை. மஃரிபுக்கு முன் அக்குறணைக்கு வந்துவிட வேண்டும் என்பது வாப்பாவின் நிபந்தனை. மொத்தம் ஒன்பது பேர். எங்கள் இருவரையும் தவிர மற்ற எல்லோரும் சிங்களவர்கள். டீச்சரும் அப்படியே. கொரியத் தொழிற்சாலையொன்றில் சில வருடங்கள் வேலை செய்து திரும்பியவர். பாடம் நடந்தது சிங்களத்தில். அதாவது தெரியாத மொழியை, அரைகுறையாகத் தெரிந்த மொழியின் வழியாகப் படிக்கப் போயிருந்தோம்.

முதல் நாள் டீச்சர் எழுத்தைத் தொடங்கவில்லை. ஒரே ஒரு வசனத்தைச் சொல்லித் தந்தார். "தஷி மல்ஹே ஜுசெயோ." இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று அர்த்தம். "இந்த வகுப்பில் நீங்கள் அதிகம் பாவிக்கப் போவது இதைத்தான். வெட்கப்பட வேண்டாம்" என்று சிங்களத்தில் சொல்லி, ஒவ்வொருவரையும் அதைச் சொல்ல வைத்தார். அதற்கான சிங்களம் எல்லோரும் அறிந்ததுதான். "ஆயெத் கியன்ன."

பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. இந்தச் சிங்கள வசனத்தை என் வாழ்நாளில் நான் யாரிடமும் சொன்னதில்லை. பல வருடங்கள் இரண்டாம் மொழியாகச் சிங்களம் படித்தவள் நான். நல்ல புள்ளியும் எடுத்தவள். ஆனால் கடையிலோ பஸ்ஸிலோ யாராவது வேகமாகப் பேசினால் புரிந்தது போலத் தலையாட்டிவிடுவேன். ஒரு தடவை உம்மாவுடன் ஓர் அலுவலகத்துக்குப் போய், அங்கு சொன்னதற்கெல்லாம் தலையாட்டி, பிழையான படிவத்தை நிரப்பி, ஒரு நாளையே வீணாக்கினோம். "இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தால் முடிந்திருக்கும். கேட்கவில்லை. கேட்டால் சிங்களம் தெரியாதவள் என்று நினைப்பார்களே என்ற வெட்கம்.

கொரிய எழுத்து நான் படித்த ஐந்தாவது எழுத்து. எங்களில் பலருக்கும் அப்படித்தான் இருக்கும். குர்ஆன் மத்ரஸாவில் அரபு, பாடசாலையில் தமிழ், பிறகு ஆங்கிலம், சிங்களம். கொரிய எழுத்தை மன்னர் செஜோங் 1443இல் உருவாக்கி 1446இல் மக்களுக்கு அறிவித்தார். கடினமான சீன எழுத்தைப் படிக்க வசதியில்லாத சாதாரண மக்களும் எழுத வாசிக்க வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். இன்றும் தென்கொரியாவில் ஒக்டோபர் 9 எழுத்துக்கான விடுமுறை நாள். அடிப்படை எழுத்துக்கள் 24தான். நம்முடைய உயிர்மெய் போல மெய்யும் உயிரும் சேர்ந்து ஒரு கட்டமாக நிற்கும். இரண்டு கிழமைக்குள் வாசிக்கத் தொடங்கிவிட்டோம். அர்த்தம் மட்டும் தெரியாது.

மூன்றாவது கிழமையில் ஒரு சிக்கல் வந்தது. நாடகம் பார்ப்பவர்களுக்கு 'பாபோ' என்ற சொல் தெரிந்திருக்கும். முட்டாள் என்று அர்த்தம். அதில் இரண்டு இடத்திலும் ஒரே எழுத்துத்தான். ஆனால் முதலில் வரும்போது வல்லோசையாகவும் நடுவில் வரும்போது மெல்லக் குழைந்தும் ஒலிக்கும். சிங்களத்தில் அந்த இரண்டு ஓசைக்கும் தனித்தனி எழுத்து இருப்பதால் மற்றவர்கள் குழம்பிப்போனார்கள். "எழுத்து ஒன்றென்றால் ஓசை எப்படி இரண்டாகும்?" என்று ஒருவர் திரும்பத் திரும்பக் கேட்டார்.

எனக்கு அதில் குழப்பமே இல்லை. 'பம்பரம்' என்று சொல்லிப் பாருங்கள். இரண்டும் பகரம்தான். ஓசை ஒன்றா? இதை நாம் யாரிடமும் கேட்காமலே பிறந்ததிலிருந்து செய்து வருகிறோம். டீச்சர் என்னைப் பார்த்து, "தமிழில் அப்படி இருக்கிறதாமே, விளக்குங்கள்" என்றார். எழுந்து நின்றேன். கை நடுங்கியது. பலகையில் 'பம்பரம்' என்று எழுதி, எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்லத் தொடங்கினேன். பாதியில் சொல் வரவில்லை. அப்போது பின்வரிசையிலிருந்த ஒரு பையன் சொன்னான், "ஆயெத் கியன்ன."

அவன் கேலி செய்யவில்லை. அவனுக்கு உண்மையாகவே விளங்க வேண்டியிருந்தது. நான் இன்னொரு தடவை சொன்னேன். தவறிய சொல்லைப் பக்கத்திலிருந்த அக்கா எடுத்துத் தந்தார். அவனுக்கு விளங்கியது. இத்தனை வருடமாக நான் சொல்ல வெட்கப்பட்ட வசனத்தை ஒருவர் என்னிடம் சொன்னபோதுதான் அதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது. நீ சொல்வதைக் கேட்க விரும்புகிறேன் என்பதே அது.

உறவு முறைகளைப் படித்த நாள் இன்னும் நினைவிருக்கிறது. கொரியத்தில் அப்பா 'அப்பா'தான். அம்மாவுக்குரிய சொல் நம்முடைய உம்மாவை ஒட்டி வரும். பெண்பிள்ளை தன் மூத்த சகோதரியை 'ஒன்னி' என்பாள். ஆண்பிள்ளை 'நுனா' என்பான். நான் மாமியின் மகளைக் காட்டி, "இவர் எனக்குத் தாத்தா" என்றதும் வகுப்பே சிரித்தது. சிங்களத்தில் தாத்தா என்றால் தகப்பன் அல்லவா! எங்கள் வீடுகளில் அது மூத்த சகோதரி என்று விளக்கினோம். ஒரே ஊரில் இருந்துகொண்டு இதுகூட ஒருவருக்கொருவர் தெரியாமல் இருந்திருக்கிறோம். தெரிந்துகொள்ளக் கொரிய மொழி வர வேண்டியிருந்தது.

சொல் ஒற்றுமையை வைத்துக்கொண்டு, கொரியமும் தமிழும் ஒரே குடும்பம் என்று பெருமை பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு எழுதினார். இன்றைய மொழியியலாளர் அந்த உறவை ஏற்பதில்லை. எனக்கு அந்தப் பெருமை தேவைப்படவும் இல்லை. வினைச்சொல் கடைசியில் வருவதும், வேற்றுமை உருபு பெயரின் பின்னால் ஒட்டுவதும் தமிழிலும் உண்டு, சிங்களத்திலும் உண்டு. அந்த வகுப்பில் எல்லோருக்கும் அது சம அளவில் உதவியது.

இனி என் கருத்துக்கு வருகிறேன். மூன்று மாத வகுப்பில் என் கொரியம் பெரிதாக வளரவில்லை. இன்றும் மொழிபெயர்ப்பு வரி இல்லாமல் ஒரு காட்சி எனக்கு முழுதாக விளங்காது. வளர்ந்தது என் சிங்களம். காரணம் எளிய கணக்கு. பாடசாலையில் 40 நிமிடப் பாடவேளை, 40 மாணவியர். எல்லோரும் பேசினாலும் ஆளுக்கு ஒரு நிமிடம். ஆகவே எழுதுகிறோம், மனனம் செய்கிறோம், புள்ளி எடுக்கிறோம், வாய் திறப்பதில்லை. இது ஆசிரியர்களின் குற்றமல்ல. அங்கே ஒன்பது பேர், 90 நிமிடம். ஆளுக்குப் பத்து நிமிடம் பேசியே ஆக வேண்டும். அதோடு அங்கே எல்லோரும் தொடக்கநிலை. யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்க முடியாது.

2018 மார்ச்சில் திகனயிலும் தெல்தெனியவிலும் நடந்தவற்றைப் பற்றிப் பேசும்போது எங்கள் வீட்டில் இன்றும் குரல் தாழும். மொழி தெரிந்திருந்தால் அது நடந்திருக்காது என்று நான் சொல்ல வரவில்லை. தீ வைத்தவர்களுக்கு மொழி ஒரு பிரச்சினையாக இருக்கவில்லை. ஆனால் பயத்தினால் நாம் பேச்சைக் குறைத்துக்கொண்டால், நம்மைப் பற்றி மற்றவர்கள் சொல்வதுதான் மிஞ்சும்.

ஆகவே என் வேண்டுகோள் இது. ஸுஹர் தொழுகைக்குப் பின், கிழமைக்கு ஒரு நாள், பத்துப் பேர் கொண்ட பேச்சு வட்டங்களை நம் கல்லூரியில் தொடங்குவோம். அயலிலுள்ள சிங்களப் பாடசாலையொன்றிலிருந்து ஐந்து பேர், நம்மில் ஐந்து பேர். அவர்கள் சிங்களம் சொல்லித் தரட்டும், நாம் தமிழ் சொல்லித் தருவோம். பரீட்சை வேண்டாம், சான்றிதழ் வேண்டாம். பிள்ளைகள் இருட்டுமுன் வீடு திரும்பிவிடுவார்கள் என்பதால் பெற்றோருக்கும் பயமிருக்காது. உயர்தரப் பாடச் சுமைக்கு நடுவே இது எதற்கு என்று கேட்கும் தோழிகளுக்கு ஒன்று சொல்வேன். பல்கலைக்கழகத்திலும் வேலைத்தளத்திலும் நாம் தலையாட்டிக்கொண்டே காலம் கழிக்க முடியாது.

முதல் நாள் முதல் பாடமாக இரண்டு வசனங்கள் போதும். அவர்களுக்கு "இன்னொரு தடவை சொல்லுங்கள்", நமக்கு "ஆயெத் கியன்ன". முதல் வட்டத்தில் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.